சோறு இறங்கியது சரி, தட்டில் என்ன ஏறியது?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 71. ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், 18 வருடமாகச் சர்க்கரை. தெரிந்தவர் சொன்னார் என்று நான்கு மாதமாகச் சோறு, இட்லி, தோசை எல்லாவற்றையும் விட்டுவிட்டு பேலியோ என்ற மாவுச்சத்து குறைத்த உணவுமுறையில் இருக்கிறார். 68 கிலோவிலிருந்து 61 ஆகிவிட்டார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 8.6-லிருந்து 6.5-க்கு வந்துவிட்டது. ஆனால் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டுதான் படி ஏறுகிறார். தரையில் உட்கார்ந்தால் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது. காலையில் வெண்ணெய் போட்ட கறுப்புக் காபி, மதியம் இரண்டு பொரியல், ஒரு கிண்ணம் மோர், இரவில் இரண்டு முட்டை ஆம்லெட். பாதாம் கடிக்கப் பல் இல்லை. புரதம் கூட்டலாமா என்றால், "இந்த வயசுல அதெல்லாம் எதுக்கு, கிட்னி போயிரும்" என்கிறார் சித்தப்பா. எவ்வளவு புரதம் கொடுப்பது அம்மா? மாத்திரைகளை எல்லாம் அப்படியே போட்டுக்கொண்டிருக்கிறார்.
– வாசகி, தேனி

பதில்: உங்கள் கடிதத்தில் எனக்குத் திக்கென்றது கடைசி வரிதான். அதற்கு வருகிறேன். முதலில் அந்த ஏழு கிலோ.

அப்பா சாப்பிடுவதைக் கூட்டிப் பார்த்தேன். இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம். மோரில் மூன்று. பொரியல்களில் நாலோ ஐந்தோ. வெண்ணெயில் ஒன்றும் கிடையாது. நாள் முழுவதற்கும் 20, 22 கிராமைத் தாண்டாது. 61 கிலோ மனிதருக்கு இது வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

முன்பு அவர் என்ன சாப்பிட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் நாலு இட்லியும் சாம்பாரும், மதியம் சோறு, இரவு மூன்று தோசை. சோறு என்றாலே மாவுச்சத்து என்றுதான் எல்லோருக்கும் நினைப்பு. 100 கிராம் அரிசியில் ஏழெட்டு கிராம் புரதமும் இருக்கிறது. நாளைக்குக் கால் கிலோ அரிசி சாப்பிட்ட ஆள் அதிலிருந்தே 18, 20 கிராம் வாங்கிக்கொண்டிருந்தார். மாவில் அரைத்த உளுந்து, சாம்பாரில் கரைந்த பருப்பு இரண்டும் தனிக்கணக்கு. சோற்றை நிறுத்தியதும் சாம்பாருக்கும் வேலை இல்லாமல் போனது. மாவுச்சத்தை வெளியே அனுப்பியபோது வீட்டின் புரதமும் அதே வாசல் வழியாகப் போய்விட்டது. நம்மூரில் வயதானவர்கள் பேலியோ எடுத்து மெலிவதில் பாதிக்கதை இதுதான்.

ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் திருத்தி வெளியிட்ட கணக்குப்படி, பெரியவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம். (அந்த நிறுவனம் பிறந்தது நம் குன்னூரில். 1918-இல், தீட்டிய அரிசியையே நம்பிச் சாப்பிடுபவர்களுக்குச் சத்துக்குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மக்கேரிசன் ஒரே அறையில் தொடங்கியது. தீட்டிய அரிசியின் கதை அங்கேயே ஆரம்பித்துவிட்டது.) ஆனால் இந்த 0.83 பொதுக்கணக்கு. முப்பது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் ஒரே அளவுகோல். 65-ஐத் தாண்டியவர்களைப் பற்றி மட்டும் ஆராய்ந்த பிராட்-ஏஜ் என்ற பன்னாட்டு வல்லுநர் குழு 2013-இல் வேறு கணக்குச் சொன்னது: உடம்பு நன்றாக இருப்பவருக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம், நாள்பட்ட நோயோ மெலிவோ இருப்பவருக்கு 1.2 முதல் 1.5 வரை. வயதானால் சாப்பாடு குறையலாம், புரதம் கூட வேண்டும் என்பது கேட்க முரணாகத்தான் இருக்கும். காரணம், வயதான தசைக்குக் காது மந்தம். இளைஞனின் தசை ஒரு முட்டைக்கே "இதோ வந்துட்டேன்" என்று வேலையைத் தொடங்கிவிடும். எழுபது வயதுத் தசையை எழுப்ப ஒரே வேளையில் 25 கிராமாவது சேர்ந்து போய்ச் சத்தமாகக் கதவைத் தட்ட வேண்டும்.

சோறில்லாத உணவில் இன்னொரு சிக்கல். மூளைக்கும் இரத்த அணுக்களுக்கும் கொஞ்சம் குளுக்கோஸ் இருந்தே ஆக வேண்டும். தட்டிலிருந்து வராவிட்டால் கல்லீரல் புரதத்தை உடைத்துச் செய்துகொள்ளும். தட்டில் புரதமும் இல்லையென்றால்? தொடையிலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்பா பஸ் படியில் திணறுவது அதனால்தான். அவர் இழந்த ஏழு கிலோவும் கொழுப்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

ஆகவே, சிறுநீரகச் சோதனை சரியாக இருந்தால், அவருக்கு இலக்கு 70 முதல் 75 கிராம். மூன்று வேளைக்கும் பிரித்து.

காலையில் இரண்டு முட்டைப் பொடிமாஸ், ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை. கடலையை அவித்து மசித்தோ, சட்னியாக அரைத்தோ கொடுங்கள், பல் வேண்டியதில்லை. 25 கிராம் தேறும். மதியம் முள் எடுத்த மீன் 100 கிராம், ஒரு கிண்ணம் கெட்டித்தயிர், ஒரு கரண்டி கெட்டிப்பருப்பு. அதுவும் 25-க்கு மேல். தேனியில் தினமும் மீன் கிடைக்காது என்பீர்கள். கிடைக்காத நாளில் கோழி. கறி மெல்ல முடியாதென்றால் கொத்துக்கறி. சுறா வந்தால் விடாதீர்கள். சுறாப்புட்டு, பல் போனவர்களுக்காகவே யாரோ பாட்டி கண்டுபிடித்தது என்பது என் சந்தேகம். இரவில் 75 கிராம் பனீரை உதிர்த்து வெங்காயத்தோடு புரட்டி, கூடவே அரைக்கிண்ணம் கொண்டைக்கடலையை மசித்து. 20 கிராம். கருவாட்டில் புரதம் ஏராளம்தான், உப்பும் அப்படியே. வாரத்துக்கு ஒருநாள் வாசனைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவோடு, மதியம் ஒரு சின்னக் கிண்ணம் சோறும் போடுங்கள். ஆமாம், சோறுதான். 100 கிராம் சோற்றில் 28 கிராம் அளவுக்கு மாவுச்சத்து. கெட்டிப்பருப்பு, மீன், தயிர் எல்லாம் அதன் துணையோடுதான் உள்ளே இறங்கும். அரிசியே கண்ணில் படக்கூடாது என்பது எழுபது வயதுக்கு வேண்டாத வைராக்கியம். அவர் இனி ஒரு கிலோகூட இறங்கக் கூடாது.

இப்போது அந்த மாத்திரை. கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் சாப்பாடு வரும் என்று நம்பிச் சர்க்கரையை இறக்குபவை. சோற்றை நிறுத்திவிட்டு மாத்திரையை அதே அளவில் போட்டால், நடுராத்திரியில் வியர்த்து, தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. இன்னொரு வகை டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றுபவை. நல்ல மருந்துகள்தான், ஆனால் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தியவர் இதைச் சாப்பிட்டால் இரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். மோசம் என்னவென்றால் அப்போது மீட்டரில் சர்க்கரை சரியாகவே காட்டும். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது என்று ஏதாவது வந்தால் மீட்டரைப் பார்த்து நிம்மதி அடையாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு, இந்த வாரமே அவருடைய டாக்டரிடம் கொண்டுபோங்கள். நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம்.

சித்தப்பா சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆரோக்கியமான சிறுநீரகத்தை இந்த அளவுப் புரதம் கெடுக்காது. ஆனால் 18 வருடச் சர்க்கரைக்காரரின் சிறுநீரகம் ஆரோக்கியமானதா என்று பார்க்காமல் நான் 75 கிராம் எழுத மாட்டேன். இரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் அல்புமின், இரண்டும் பாருங்கள். ஒரு விஷயம்: கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு, சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் ஏறும். தசை கரைந்தவருக்கு அந்த எண் குறைவாக, பார்க்க அழகாக இருக்கும், ஏமாந்துவிடக் கூடாது. சிறுநீர்ச் சோதனையையும் கேட்டு வாங்குங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அப்பாவைக் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை வலுவிழக்கிறது என்று ஆசிய வல்லுநர் குழு ஒன்று 2019-இல் வரையறுத்திருக்கிறது. கெண்டைக்காலின் தடித்த இடத்தைத் தையல் டேப்பால் அளந்து பாருங்கள். ஆணுக்கு 34 செ.மீ.க்கும் பெண்ணுக்கு 33-க்கும் கீழே போனால் கவனிக்க வேண்டும். அந்த நாற்காலியே மருந்தும்கூட. எழுந்து உட்காருவதைக் காலையில் பத்து, மாலையில் பத்து என்று முடிந்தவரை செய்யட்டும். புரதம் செங்கல் மாதிரி. கொத்தனார் வராமல் செங்கலை மட்டும் இறக்கி என்ன செய்வது?

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2006-இல், நான் மதுரையில் ஆஸ்பத்திரி வேலையில் இருந்தபோது, என் மாமனாருக்கே உணவுச்சீட்டு எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அவருக்கு அப்போது 74. சோறு குறை, இட்லி இரண்டு, கிழங்கு வேண்டாம், பழம் வேண்டாம், இனிப்பு கூடவே கூடாது. மனிதர் அப்படியே கடைப்பிடித்தார். சர்க்கரை இறங்கியது, பேண்ட் தொளதொளத்தது, நான் ஆஸ்பத்திரியில் பெருமையடித்துக்கொண்டேன். ஒருநாள் சீட்டைக் கிட்டத்தில் வைத்துப் படித்துவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, இதுல எல்லாமே வேணாம்னுதான் எழுதியிருக்க. வேணும்னு ஒண்ணையுங் காணோமே." நான் சிரித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இரண்டு மாதம் கழித்து, பட்டப்பகலில், தினமும் உட்காரும் அதே திண்ணையிலிருந்து எழும்போது கால் தாங்காமல் சரிந்தார். இடுப்பெலும்பு முறிவு. அதன்பின் வாக்கர் இல்லாமல் அவர் நடக்கவில்லை. அப்போது என் மேசையில் அவர் எடைக்குறிப்பு மட்டும் இருந்தது. எழுந்து நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு எந்தச் சீட்டு எழுதினாலும் "வேண்டும்" பகுதியைத்தான் முதலில் எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 66 வயது, 58 கிலோ. சுத்த சைவம், முட்டையும் கிடையாது. சர்க்கரைக்காக மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். புரதத்துக்குப் பருப்பு சாப்பிடு என்கிறார்கள். பருப்பிலும் மாவுச்சத்து இருக்கிறதே மாமி, எதைக் கேட்பது?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நல்ல கேள்வி. துவரம்பருப்பு 100 கிராமில் 22 கிராம் புரதம், 55 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. உங்களுக்குத் தேவை நாளைக்கு 60 முதல் 70 கிராம் புரதம். அத்தனையும் பருப்பிலேயே என்றால் கிட்டத்தட்ட 300 கிராம் பருப்பை வேகவைக்க வேண்டும். அதைத் தின்றுவிட்டுத் தூங்கவும் முடியாது, பக்கத்தில் யாரும் இருக்கவும் முடியாது.

பால்தான் உங்களுக்குக் கைகொடுக்கும். ஒரு லிட்டர் பாலைத் திரித்தால் 150 கிராமுக்கு மேல் பனீர் கிடைக்கும். வடிந்த நீரைக் கொட்டாதீர்கள், ரசத்தில் சேருங்கள். தயிரைத் துணியில் கட்டி ஒரு ராத்திரி தொங்கவிட்டால் தண்ணீர் வடிந்து, அதே கிண்ணத்தில் புரதம் இரட்டிப்பாகிவிடும். வெள்ளரிக்காயும் இஞ்சியும் துருவிப் போட்டுப் பாருங்கள், தயிர்ப்பச்சடி என்ற பெயருக்கே அப்போதுதான் அர்த்தம் வரும். அடுத்தது மீல்மேக்கர். காய்ந்த நிலையில் 100 கிராமில் 52 கிராம் புரதம். உங்கள் வீட்டில் மாமிசம் மாதிரி இருக்கிறதென்று ஒதுக்கியிருப்பீர்கள். வெந்நீரில் ஊறவைத்துப் பிழிந்து, மிக்ஸியில் உதிர்த்து, பருப்பு உசிலியில் பருப்புக்குப் பாதி இதைக் கலந்து கொத்தவரங்காயோடு புரட்டுங்கள். நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது.

பனீர் 100 கிராமுக்கு 18, கால் லிட்டர் பாலுக்கு 8, தயிருக்கு 10, மீல்மேக்கர் 25 கிராமுக்கு 13, பருப்பு 40 கிராமுக்கு 9, ஒரு கை வேர்க்கடலைக்கு 6. 64 வந்துவிட்டது. மாவுச்சத்தும் எல்லைக்குள்தான். முற்றிலும் மாவு ஒழித்த உணவு சைவர்களுக்கு, அதுவும் இந்த வயதில், ஒத்துவராது. அது தேவையும் இல்லை. 2022-இல் வெளியான, 18,000-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் உணவை வைத்துச் செய்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வே, சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் மொத்தச் சக்தியில் மாவுச்சத்தின் பங்கைப் பாதி அளவுக்குக் கொண்டுவந்து புரதத்தின் பங்கை 20 சதவீதத்துக்கு ஏற்றச் சொன்னதே தவிர, சோற்றை ஒழிக்கச் சொல்லவில்லை.

மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்டகாலமாகச் சாப்பிடுகிறீர்கள் என்றால் இரத்தத்தில் பி12 வைட்டமினை ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாத்திரையும் அதைக் குறைக்கும், சைவச் சாப்பாட்டிலும் அது குறைவு, ஆகவே சைவர்களுக்கு இரட்டை அடி.

கேள்வி: வயது 70, எடை 64. கிரியேட்டினின் 1.9. மகன் நியூ ஜெர்சியிலிருந்து புரதப்பொடி டப்பா அனுப்பியிருக்கிறான். தினம் இரண்டு ஸ்கூப் போடச் சொல்கிறான். அரிசியையும் நிறுத்தியாகிவிட்டது. தொடரலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: வேண்டாம் ஐயா. டப்பாவை மூடி வையுங்கள். மகன் மேல் கோபமும் வேண்டாம், அவனுக்கு உங்கள் ரிப்போர்ட் தெரியாது. உங்கள் வயதுக்கு 1.9 என்றால் சிறுநீரகம் வடிகட்டும் திறன் (ரிப்போர்ட்டில் eGFR என்று இருக்கும், 60-க்கு மேல் இருக்க வேண்டியது) 37, 38 அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள். முதலில் எழுதிய தேனிக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. இந்தக் கட்டத்தில் பொதுவாகச் சொல்லும் அளவு கிலோவுக்கு 0.8, அதாவது நாளைக்கு 51 கிராம். இரண்டு ஸ்கூப்பிலேயே பெரும்பாலும் 45, 50 கிராம் போய்விடும். பிறகு சாப்பாட்டில் என்ன சாப்பிடுவீர்கள்?

அதற்காகப் பயந்து அதற்கும் கீழே இறக்கிவிடாதீர்கள். கிட்னி என்றதும் பருப்பு, முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்தி வற்றலாகிப் போனவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அரிசியைத் திரும்பச் சேருங்கள். உங்களுக்குச் சக்தி அதிலிருந்து வர வேண்டும், 51 கிராம் புரதமும் தசைக்கு மட்டும் போக வேண்டும். ஏற்கெனவே மெலிந்திருக்கிறீர்கள், நடை தடுமாறுகிறது என்றால் அளவைக் கொஞ்சம் ஏற்றுவதா என்பதைச் சிறுநீரக மருத்துவர் முடிவு செய்வார். டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்குக் கணக்கு தலைகீழ், அவர்களுக்குப் புரதம் கூட வேண்டும். ஆகவே பக்கத்து பெஞ்சுக்காரர் சீட்டைப் பார்த்து எழுதிக்கொண்டு வராதீர்கள்.

கேள்வி: தினமும் காலையில் இரண்டு பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்கிறேன். வேகவைத்தால் சத்து போய்விடும் என்று வாத்தியார் ஒருவர் ஐம்பது வருடத்துக்கு முன் கபடி ஆடும்போது சொன்னது. இப்போது 69 வயது. சரிதானே?
– வாசகர், சிவகங்கை

பதில்: ஐம்பது வருடமாகப் பாதி முட்டையை வீணாக்கியிருக்கிறீர்கள். பச்சை முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய பாதிதான் உடம்பில் சேரும், வெந்த முட்டையில் பத்தில் ஒன்பது பங்கு. கிருமித்தொற்று பயம் வேறு. தண்ணீர் கொதித்த பிறகு பத்து நிமிடம் வேகவிடுங்கள். மிளகுத்தூள் உங்கள் இஷ்டம்.